அப்பாவும் கூரை ஒழுகும் மண்டபமும்

அப்பா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு நான் ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்று வெஸ்ட் வின்ட்சரிலிருந்து அண்ணன் போன் செய்தார். "நல்லபடியா எழுது. பொறந்தது, படிச்சது, கஷ்டப்பட்டது, கடைசியில எல்லாருக்கும் தேங்க்ஸ், அவ்ளோதான். அந்த ஹால் மேட்டரை மட்டும் இழுக்காதே" என்றார். மண்டபத்தை விட்டுவிட்டு அப்பாவைப் பற்றி எழுதுவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. அவருடைய பிற்பாதி வாழ்க்கையின் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அங்கேதான் கழிந்தன. ஆகவே அண்ணன் மன்னிக்க வேண்டும், இழுக்கத்தான் போகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். யார் மேல் கோபம் என்று கேட்டால், முதலில் அந்த மண்டபத்துக்காரர்கள் மேல், அடுத்து அண்ணன் மேல். அப்பா மேலும்தான்.

அப்பா லால்குடிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் பிறந்தார். தாத்தா பள்ளி ஆசிரியர், சுயமரியாதைக் கொள்கையில் ஊறியவர். வீட்டில் சாமி படம் கிடையாது, நல்ல நேரம் கெட்ட நேரம் கிடையாது. பரீட்சைக்கு எல்லாப் பிள்ளைகளும் நெற்றி நிறைய விபூதியோடு போக, அப்பா மட்டும் வெறும் நெற்றியோடு போவாராம். "ஃபெயில் ஆனா ஊரே சாமி குத்தம்னு சொல்லும், அந்தப் பயத்துலயே ஃபர்ஸ்ட் வந்தேன்" என்று சிரிப்பார்.

அவர் பொறியியல் படித்துக்கொண்டிருந்தபோது தாத்தா மாரடைப்பில் போய்விட்டார். தனக்கு எந்தச் சடங்கும் கூடாது என்று தாத்தா பலரிடம் சொல்லி வைத்திருந்தார். ஊர்ப் பெரியவர்கள் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. புரோகிதரை வரவழைத்து, அப்பாவின் தலையை மழித்து, கையில் கொள்ளிக் குடத்தைக் கொடுத்துவிட்டார்கள். அப்பாவுக்குப் பின்னால் இரண்டு தங்கைகள், அழுதுகொண்டிருக்கும் தாய். அவரால் மறுத்து ஒரு வார்த்தை பேச முடியவில்லை. அந்தக் குடும்பத்தைத் தாங்கி, டியூஷன் எடுத்துப் படித்து, தங்கைகளுக்குத் திருமணம் செய்து வைத்த கதை உறவினர்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவருக்குள் ஆறாமல் கிடந்தது வறுமை அல்ல. "செத்ததுக்கப்புறம் எங்கப்பாவைத் தோக்கடிச்சாங்க. நான் பக்கத்துல நின்னு பார்த்துக்கிட்டிருந்தேன்" என்று சொல்லும்போது, வயதான பிறகும் அவருடைய குரல் மாறிவிடும்.

மேற்படிப்புக்காக டெக்சஸ் வந்தார். சான் அன்டோனியோவில் பாலங்கள் வடிவமைக்கும் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அம்மா குளித்தலைக்காரர், காலையில் சாமி கும்பிடாமல் காபி குடிக்காதவர். புரோகிதர் இல்லாத கல்யாணத்துக்கு அம்மா சம்மதித்தார், வீட்டில் சாமி அறை வைக்க அப்பா சம்மதித்தார். எங்கள் டெக்சஸ் வீட்டில் துணி வைக்கும் க்ளாசெட் ஒன்றைக் காலி செய்து, அளவெடுத்து, ஷெல்ஃப் அடித்து, விளக்குப் புகை வெளியே போக வழியும் செய்து கொடுத்தவர் அப்பாதான். வெள்ளிக்கிழமைதோறும் அம்மாவைக் கோயிலுக்கு அழைத்துப் போவார். அம்மா உள்ளே போக, அவர் காரில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். "டிரைவர் சார் வந்தாச்சா?" என்று தமிழ்ச் சங்க நண்பர்கள் கிண்டல் செய்வார்கள். அப்பாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார். இடையில் வேலை போய், ஹூஸ்டனில் கான்ட்ராக்ட் வேலை பார்த்துக்கொண்டு வார இறுதியில் மட்டும் வீட்டுக்கு வந்த காலமும் உண்டு. அப்போதுகூட அவர்கள் இருவரும் சண்டை போட்டு நாங்கள் பார்த்ததில்லை.

மண்டபம் அவர் கண்ணில் பட்டது தற்செயலாகத்தான். சான் அன்டோனியோவுக்கு வடக்கே குன்றுகள் தொடங்கும் பக்கத்தில் ஒரு பாலத்தைப் பார்வையிட ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போயிருந்தார். வழியில் ஒரு சிற்றூர். சுண்ணாம்புக் கல்லில் கட்டிய பெரிய கட்டடம், வாசல் நிறையக் கார்கள். பார்த்தால் சர்ச் மாதிரி இருக்கிறது, ஆனால் கோபுரமும் இல்லை, சிலுவையும் இல்லை. உள்ளே யாரோ இரண்டு பேர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கிறார்கள். ஏதோ அடிதடி போலிருக்கிறது என்று அப்பா எட்டிப் பார்த்திருக்கிறார். வாசலில் நின்ற, அந்த இடத்தை நடத்திவந்த ஹில்டா என்ற அம்மையாரிடம், இது என்ன சர்ச் என்று கேட்டிருக்கிறார். அந்த அம்மையாருக்குக் கோபம் வந்துவிட்டது. இந்தக் கட்டடத்தைப் பற்றி இப்படியொரு அவமானமான பேச்சை இதுவரை யாரும் பேசியதில்லை என்று சொல்லி, உள்ளே இழுத்துப்போய் உட்கார வைத்துவிட்டாராம். பாலத்தைப் பார்க்க அப்பா போகவேயில்லை. மாலையில் வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "நம்ம ஆளுங்க இங்க இருக்காங்க" என்றார். தமிழ்க் குடும்பம் என்று நினைத்து, "எந்த ஊராம்? சாப்பிடக் கூப்பிடலாமா?" என்று அம்மா கேட்டார். "ஜெர்மனி" என்றார் அப்பா.

அந்த ஜெர்மானியர்களின் கதையை இந்த மலரைப் படிப்பவர்களில் பலர் அப்பாவின் வாயாலேயே கேட்டிருப்பீர்கள். தப்பித்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மன் நாடுகளில் மன்னராட்சிக்கு எதிராக மக்கள் எழுந்தார்கள், தோற்றார்கள். தோற்றவர்களில் பலர் கப்பலேறி அமெரிக்கா வந்தார்கள். அவர்களில் மருத்துவர்கள், ஆசிரியர்கள், அச்சுக்கூடம் வைத்திருந்தவர்கள் எல்லாம் உண்டு. மன்னரையும் பாதிரியாரையும் ஒருசேர விட்டுவிட்டு வந்தவர்கள் அவர்கள். சுதந்திரச் சிந்தனையாளர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொண்டார்கள். புது ஊரில் எல்லோரும் முதலில் சர்ச் கட்டும்போது, இவர்கள் முதலில் இந்த மண்டபத்தைக் கட்டினார்கள். பக்கத்து ஓடையிலிருந்து கல், ஆற்றங்கரையிலிருந்து சைப்ரஸ் மரம். மற்ற ஊர்களில் பிரார்த்தனை நடக்கும் அதே ஞாயிறு காலை நேரத்தில் இங்கே விவாதம் நடக்கும், மாலையில் பாட்டு, பியர். உறுப்பினர் ஆக ஒரே ஒரு விதி. யாரோ சொன்னார் என்பதற்காக எதையும் நம்பக் கூடாது.

உள்நாட்டுப் போர் வந்தபோது அந்தக் குன்றுப் பக்கத்து ஜெர்மானியர்களில் பலர் அடிமை முறைக்கு எதிராக நின்றார்கள். சிலர் அதற்காக உயிரையும் கொடுத்தார்கள். பிறகு ஜெர்மனியோடு உலகப் போர் வந்ததும், ஜெர்மன் பேசுகிறவர்களை எல்லாம் ஊர் சந்தேகத்தோடு பார்த்தது. மண்டபத்தில் பேச்சு ஆங்கிலத்துக்கு மாறியது. அதற்கடுத்த தலைமுறை சர்ச்சுக்குப் போகிற பெண்களையும் ஆண்களையும் கல்யாணம் செய்துகொண்டு, மெல்ல மெல்ல அந்தப் பக்கமே போய்விட்டது. அப்பா உள்ளே நுழைந்தபோது மிஞ்சியிருந்தவர்களில் பெரும்பாலோர் தலை நரைத்தவர்கள். இந்தியாவிலிருந்து ஓர் ஆள் வந்து, உங்கள் கொள்கைதான் எங்கள் அப்பா கொள்கையும் என்று சொன்னால் அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? கொண்டாடிவிட்டார்கள்.

அந்த மண்டபத்து மேடையில் பிரசங்க மேசை ஒன்று இருக்காது, இரண்டு இருக்கும். ஒரே உயரம், ஒன்றையொன்று பார்த்தபடி. ஒருவர் ஒரு மேசையில் நின்று பேசினால், அடுத்த மேசையில் இன்னொருவர் நின்று மறுத்துப் பேசியே தீர வேண்டும். அதன்பின் முதலில் பேசியவரோ வேறு யாரோ அதற்குப் பதில் சொல்லலாம். அதை அவர்கள் ஜெர்மன் மொழியில் ஏதோ சொல்வார்கள். அப்பா எதிருரை என்று தமிழாக்கி வைத்திருந்தார். மறுப்பு வராத பேச்சை நிகழ்ச்சியாகவே சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். உங்கள் பேச்சுக்கு எதிருரை இல்லை என்றால் நீங்கள் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை என்று அர்த்தம். அதைவிடப் பெரிய அவமானம் அங்கே கிடையாது.

சாவுக்கும் இதே வழக்கம்தான். இரங்கல் கூட்டத்தில் ஒருவர் எழுந்து இறந்தவரைப் பாராட்டுவார். அடுத்து, அவரோடு வாழ்நாளெல்லாம் முரண்பட்ட ஒருவர் எழுந்து, எதில் முரண்பட்டோம், இன்னமும் ஏன் முரண்படுகிறோம் என்று பேசுவார். வால்டர் என்ற கால்நடை மருத்துவர் இறந்தபோது எதிருரை சொன்னவர் அப்பா. அன்று வீட்டில் எல்லோரையும் அழைத்துப் போயிருந்தார். அம்மா பெரிய பாத்திரத்தில் எலுமிச்சை சாதம் செய்து எடுத்து வந்திருந்தார். அப்பா மேடையேறி, "வால்டர் அருமையான மனிதர், ஆனால் சோம்பேறி. மூடநம்பிக்கை தானாகவே ஒழிந்துவிடும் என்று கால் நீட்டி உட்கார்ந்துவிட்டார்" என்று ஆரம்பித்தார். டாலஸிலிருந்து வந்திருந்த வால்டரின் மகன் முகம் சிவந்துபோனது. எனக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்றிருந்தது. கூட்டம் முடிந்ததும் வால்டரின் மனைவி நேராக வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நீங்கள் எழுந்திருக்காவிட்டால் என் கணவர் பேசியதெல்லாம் காற்றோடு போய்விட்டது என்று நினைத்திருப்பேன் என்றார். திரும்பி வரும் வழியில் அப்பா காரில் சொன்னார். "எனக்கும் இதேதான் வேணும். மந்திரம் வேணாம், தர்ப்பை வேணாம். அந்த ஹால்ல ஒருத்தர் என்னைத் திட்டணும். அது போதும். ஹில்டாகிட்ட சொல்லி வச்சிருக்கேன்."

அதற்குப் பிறகு அதை எத்தனையோ முறை சொல்லிவிட்டார். அண்ணனிடம் சொன்னார், என்னிடம் சொன்னார், விருந்துக்கு வந்தவர்களிடம்கூடச் சொன்னார். தாத்தாவுக்கு நடந்தது தனக்கு நடக்கக் கூடாது என்ற ஒன்றைத் தவிர அவர் எங்களிடம் எதையும் கேட்டதில்லை.

இப்போது கூரைக்கு வருகிறேன். மண்டபத்தின் கூரையைத் தாங்கும் சைப்ரஸ் உத்திரங்கள் சுவரில் உட்காரும் இடத்தில் மழைநீர் இறங்கி உளுத்துக்கொண்டிருந்தன. அதைக் கண்டுபிடித்துச் சொன்னவரே அப்பாதான். பாலம் கட்டத் தெரிந்தவருக்கு இது தெரியாதா? "இதை இப்படியே விட்டா ஒரு நாள் நம்ம தலை மேலதான் விழும்" என்று படம் வரைந்து காட்டினார். வேறு எந்தச் சங்கமாக இருந்தாலும் ஆள் வைத்துச் சரிசெய்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கும். இவர்கள் விவாதித்தார்கள். பழைய மாதிரி மரமே வைக்கலாமா, இரும்பு வைக்கலாமா? முன்னோர்கள் மரம் வைத்தார்கள் என்பதற்காக நாமும் மரம் வைத்தால் அது பாரம்பரிய வழிபாடு ஆகாதா? இதற்கு ஒருவர் பேச்சு, இன்னொருவர் எதிருரை, பிறகு அடுத்த கூட்டத்தில் ஓட்டு. ஓட்டுப் போடும் நாளில் மழை கொட்டும். மேசைகளுக்கு நடுவில் வாளி வைத்துவிட்டுப் பேசுவார்கள்.

கடைசியில் ஒரு வழியாக ஹில்டா அம்மையார் இரும்பு உத்திரத் திட்டத்தை முன்வைத்தார். அப்பா போட்டுக் கொடுத்த திட்டமேதான் அது. எல்லோருக்கும் சலித்துப்போயிருந்தது, இரும்போ மரமோ முடித்தால் போதும் என்ற நிலைமை. எதிருரைக்கு அழைத்தபோது ஒருவரும் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்காவிட்டால் திட்டம் செல்லாது, இன்னொரு கூட்டம் வரை காத்திருக்க வேண்டும். பார்த்தார் அப்பா. சம்பிரதாயத்துக்கு நாமே இரண்டு வார்த்தை மறுத்துப் பேசி முடித்துவிடலாம் என்று மேடையேறினார்.

அப்பாவுக்கு இரண்டு வார்த்தையில் பேசத் தெரியுமா? பழைய சுண்ணாம்புக் கல் சுவர் இரும்பின் எடையை எப்படித் தாங்கும், வெயிலில் இரும்பு விரியும்போது கல் என்ன ஆகும் என்று ஆரம்பித்து, தன் திட்டத்தைத் தானே கிழித்துத் தோரணம் கட்டிவிட்டார். அவ்வளவு அருமையாகப் பேசினாராம். கைதட்டல் ஓயவில்லையாம். அடுத்த கூட்டத்தில் ஓட்டெடுத்தார்கள். திட்டம் தோற்றுவிட்டது. "அப்பா, அது உங்க பிளான்தானே? நீங்களே ஏன்பா?" என்று நான் போனில் கேட்டபோது, "நான் கேட்ட கேள்விக்கு யாராவது பதில் சொல்லியிருக்கணும். பதில் ரொம்ப ஈஸி. ஒருத்தனும் சொல்லலையே!" என்றார். சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு.

அதன் பலனை அவரே அனுபவித்தார். ஒரு பெரிய மழைக்குப் பின் கவுன்ட்டி நிர்வாகத்தின் கட்டட அதிகாரி வந்து பார்த்துவிட்டு, உத்திரம் மாற்றும் வரை யாரும் உள்ளே போகக் கூடாது என்று கதவில் அறிவிப்பு ஒட்டிவிட்டார். அதே சமயம்தான் அப்பாவின் இதயமும் பலவீனமாகிக்கொண்டிருந்தது. மருத்துவமனையில் மூச்சு வாங்கப் படுத்திருந்தபோதும், என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "ஹால் திறந்துட்டாங்களா?" என்பதுதான். நான் வேலை பார்க்கும் சான் ரமோனிலிருந்து விடுப்புப் போட்டுவிட்டு வந்து பக்கத்தில் இருந்தேன். இன்னும் இல்லை என்று ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியிருந்தது. கடைசி வரை அதே பதில்தான். ஒரு பிற்பகலில், அம்மா அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே அப்பாவின் மூச்சு நின்றுவிட்டது.

மண்டபம் பூட்டிக் கிடந்தது. அண்ணன் வந்து இறங்கினார். ஃப்யூனரல் ஹோமில் பேசி, கோயிலிலிருந்து அர்ச்சகரை ஏற்பாடு செய்துவிட்டார். நான் சண்டைக்குப் போனேன்.

"அண்ணா, அப்பா உன்கிட்ட எத்தனை தடவ சொன்னார்? ப்ரீஸ்ட் வேணாம்னுதானே சொன்னார்?"

"ஹால்லதானே வேணும்னு சொன்னார்? ஹால் எங்க? நீ ஓப்பன் பண்ணிக் குடு, நான் கேன்சல் பண்றேன்."

"ஹால் இல்லன்னா சும்மா இரேன். ஒண்ணும் பண்ணாம அமைதியா அனுப்பி வைப்போம்."

"ஒண்ணுமே பண்ணாம எப்படி அனுப்புறது? எனக்கு மனசு கேக்கலடி. அவர் எனக்கும் அப்பாதானே?"

அண்ணன் அழுதுகொண்டிருந்தார். அம்மா ஒரு நாற்காலியில் உட்கார்ந்து எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார். மந்திரம் ஓதப்பட்டது. தர்ப்பை, எள், பிண்டம் எல்லாம் வந்தன. தாத்தாவுக்கு நடந்தது அப்படியே அப்பாவுக்கும் நடந்தது. இந்த முறை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள் நான்.

மண்டபத்தில் இரங்கல் கூட்டமாவது நடத்தியே தீர்வது என்று அன்றே முடிவு செய்தேன். ஹில்டா அம்மையாரைக் கூப்பிட்டேன். பூட்டிய பிறகு தன் வீட்டில் நடக்கும் கூட்டத்தில் வைத்து விவாதிக்கிறோம் என்றார். அடுத்த மாதம் கூப்பிட்டேன். இரண்டு தரப்பும் வலுவாகப் பேசியிருக்கிறோம் என்றார். உங்களுக்காகத் தன் ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் கொடுத்த மனிதருக்கு ஒரு கதவைத் திறக்க உங்களால் முடியாதா, நீங்கள் எல்லாம் பேசிப் பேசியே செத்துப்போவீர்கள் என்று ஆங்கிலத்தில் எனக்குத் தெரிந்த அத்தனை கடுமையான சொற்களிலும் கத்தினேன். முழுதும் கேட்டுவிட்டு அவர், இது நல்ல எதிருரை, கூட்டத்தில் வந்து பேச முடியுமா என்று கேட்டார். போனைத் தூக்கி எறியாமல் இருந்ததே பெரிய விஷயம்.

வழி கண்டுபிடித்தவர் அப்பாவோடு வேலை பார்த்த முருகேசன் அங்கிள். "உத்திரத்தை மாத்துறதுக்குத்தானேம்மா ஓட்டு வேணும்? அடியில முட்டு குடுக்குறதுக்கு எதுக்கு ஓட்டு?" என்றார். பாலம் கட்டும்போது அடியில் நிறுத்தும் இரும்புக் கால்களைக் கொண்டுவந்து மண்டபம் முழுக்க முட்டுக் கொடுத்தார். கவுன்ட்டியும் சம்மதித்தது. முட்டுக் கால்களுக்கு நடுவில் நாற்காலிகளைப் போட்டோம். யாருக்கும் மேடை முழுதாகத் தெரியவில்லை, கழுத்தை வளைத்து வளைத்துத்தான் பார்க்க வேண்டியிருந்தது. ஆனாலும் கதவு திறந்தது. அண்ணனும் வந்திருந்தார்.

பாராட்டுரை நான் பேசினேன். லால்குடியில் ஆரம்பித்து, தங்கைகளை வளர்த்தது, சாமி அறைக்கு ஷெல்ஃப் அடித்தது, டிரைவர் சார் கதை எல்லாம் ஆங்கிலத்தில் சொன்னேன். தனக்கு நம்பிக்கை இல்லாவிட்டாலும் மனைவியின் நம்பிக்கையில் குறுக்கே நிற்காத மனிதர், இவர்கள் இருவரும் ஒருநாளும் சண்டை போட்டதில்லை என்று முடித்தேன். பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எதிருரை சொல்ல ஹில்டா அம்மையார் தடியை ஊன்றி எழுந்தார். அதற்குள் முதல் வரிசையிலிருந்து அம்மா எழுந்துவிட்டார். "நான் பேசணும்" என்றார் தமிழில்.

அம்மா நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். நேராக அந்த இரண்டாவது மேசைக்குப் போய், எனக்கு எதிரே நின்றார். தமிழில் பேசலாமா என்று கேட்கச் சொன்னார். எங்கள் கொள்ளுத் தாத்தாக்கள் ஆங்கிலமா பேசினார்கள் என்று கேட்டுவிட்டு ஹில்டா அம்மையார் உட்கார்ந்துகொண்டார். நான் நின்ற இடத்திலிருந்தே மொழிபெயர்த்தேன்.

"நான் இந்த ஹாலுக்குச் சாப்பாடு எடுத்துக்கிட்டுதான் வந்திருக்கேன். பேச வந்ததில்ல. என் பொண்ணு சொன்னா, நாங்க சண்டையே போட்டதில்லன்னு. நெசந்தான். அதைத்தான் நான் சொல்ல வந்தேன்.

"இவரு உங்க எல்லார்கிட்டயும் சண்டை போட்டிருக்காரு. ஹில்டாகிட்ட போட்டாரு, வால்டர்கிட்ட போட்டாரு, தமிழ்ச் சங்கத்துல ஒருத்தர் பாக்கி இல்ல. யாரு பேச்சை மதிக்கிறாரோ அவங்களை மறுத்துப் பேசுவாரு. அதுதான் இந்த ஹாலோட வழக்கம்னு என்கிட்டயே பெருமையாச் சொல்லுவாரு. நான் தினமும் அவரு கண்ணு முன்னாடி சாமி கும்பிட்டேன். அவருக்கு அதுல துளி நம்பிக்கை கெடையாது. ஏன் கும்பிடுறேன்னு ஒரு நாள் கேட்டாரா? கேக்கல. ஷெல்ஃப் அடிச்சுக் குடுத்தாரு. கார் ஓட்டுனாரு. நானா ஏதாவது பேச்சை எடுத்தா, 'உன் இஷ்டம்'னு சொல்லிட்டு பேப்பரைப் பாப்பாரு.

"தங்கமான மனுஷன்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் அப்படித்தான் நெனச்சிருந்தேன். வால்டர் செத்தன்னிக்கு அவரு பொண்டாட்டி இவரு கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க பாருங்க, அன்னிக்குத்தான் எனக்கு ஒறைச்சுது. என்னை எதிர்த்துப் பேசுற அளவுக்குக்கூட இவரு என்னை நெனக்கலையேன்னு.

"எனக்கும் சந்தேகம் வந்திருக்கு. எங்கம்மா செத்தப்போ வந்துச்சு, இவரு வேலை போனப்போ வந்துச்சு. அதையெல்லாம் தாண்டித்தான் கும்பிட்டேன். அது எப்படின்னு சொல்ல என்கிட்ட பேச்சு இருந்துச்சு. இவரு இல்லன்னு சொல்லி, நான் ஆமான்னு சொல்லி, அப்படி ஒரு நாள்கூட நடக்கல. எனக்கு சுதந்திரம் குடுத்ததா இவரு நெனச்சுக்கிட்டாரு. நான் தனியா இருந்தேன்."

முருகேசன் அங்கிள் தலையைக் குனிந்துகொண்டார். நான் கடைசி வாக்கியத்தை ஆங்கிலத்தில் சொல்லி முடிக்கச் சிரமப்பட்டேன். அம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு மேசையிலேயே நின்றார். வழக்கப்படி ஹில்டா அம்மையார், இதற்குப் பதில் சொல்ல விரும்புகிறவர் யாராவது உண்டா என்று கேட்டார். எந்தத் தலைப்பு கொடுத்தாலும் மறுத்துப் பேசுகிற கூட்டம் அது. முட்டுக் கால்களுக்குப் பின்னால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. அண்ணன் என்னைப் பார்த்தார். எதிர் மேசையில் நின்றுகொண்டிருந்தவள் நான்தான், எனக்குத்தான் முதல் உரிமை. என்னிடமும் ஒன்றும் இல்லை.

அப்பாவின் கடைசி நாட்களில் இரவு பகல் பார்க்காமல் கவனித்துக்கொண்ட மருத்துவர்கள், செவிலியர்கள், சமைத்துக் கொண்டுவந்து கொடுத்த சான் அன்டோனியோ நண்பர்கள், இந்தியாவிலிருந்து தினமும் போனில் அழுத இரண்டு அத்தைகள், முட்டுக் கொடுத்த முருகேசன் அங்கிள் ஆகியோருக்கு எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. தன் மனசாட்சிப்படி செய்த அண்ணனுக்கும் நன்றி. அவர் செய்தது தப்பு என்று இன்னமும் நினைக்கிறேன், நேரில் வரும்போது மறுபடி சொல்வேன். ஹில்டா அம்மையாருக்கும் சபைக்கும் நன்றி. உத்திரம் மரமா இரும்பா என்று இதை எழுதும் நாள் வரை அவர்கள் முடிவு செய்யவில்லை.

உண்மையைச் சொன்னால், இந்தக் கட்டுரையை எழுத நான் ஒப்புக்கொண்டதே அப்பாவின் தரப்பில் அம்மாவுக்கு ஒரு பதில் சொல்வதற்காகத்தான். அவர் பிறந்ததிலிருந்து எழுதிக்கொண்டு வந்தால் எங்கேயாவது அந்தப் பதில் கிடைத்துவிடும் என்று நினைத்தேன். கிடைக்கவில்லை. அப்பாவோடு வாதாடிய உங்களில் யாருக்காவது அது தெரிந்திருக்கலாம். தெரிந்தால் எனக்கு எழுத வேண்டாம், ஆறுதலும் சொல்ல வேண்டாம். அம்மா சான் அன்டோனியோ வீட்டில்தான் இருக்கிறார். போய் எதிரே உட்கார்ந்து, நீங்கள் பேசியது தப்பு என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.